மில் நின்றபோது கேட்ட குரல்

பத்தாவதோடு நின்றவள் நான். எழுத வந்ததற்கு மன்னியுங்கள். இன்று வேங்கிக்காலில் ஒரு மில்லைத் தாண்டும்போது வந்த சூடான கோதுமை மாவு வாசனையில், இப்போது விடுதியாகிவிட்ட சிறுவயதில் நான் மாவரைக்கப் போகும் செங்கம் ரோட்டு மில் நினைவுக்கு வந்தது.

“இவ வாயே தொறக்க மாட்டா” என்று அம்மா போகிற இடமெல்லாம் சொல்வாள். நானும் அப்படித்தான் என்று நம்பி வளர்ந்தேன். மில்லில் மட்டும், மிஷின் தடதடக்க, மாவு புகையாய்ப் பறக்க, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வாய்விட்டுப் பாடிக்கொண்டு நிற்பேன். ஒருநாள் பாதிப் பாட்டில் கரண்ட் போய் மிஷின் நின்றது; என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

“அட, நம்ம ஊமை! நல்லாத்தாம்மா பாடுற!” என்றார் மில்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதில் எனக்கு முதல் பாதி மட்டும்தான் கேட்டது.

மறுநாள் மிளகாய் அரைக்க எனக்குப் பதிலாகத் தம்பி போனான்.