காதுகுத்துக்கு வராத கிடாக்கள்

போன மாதம் என் மகளுக்குக் காது குத்தினோம். வந்த சொந்தக்காரர்கள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. என்ன நடந்ததென்று நீங்களாவது கேளுங்கள்.

தாய்மாமன் சீராக மூன்று கிடா தருவதாகச் சொல்லியிருந்தான் என் மனைவியின் தம்பி பழனிசாமி. கொள்ளேகால் பக்கம் ஆடு வளர்க்கிறான். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள் — இவன் ஊசி வைத்திருப்பான். ஆடு இருமினால் ஊசி. நொண்டினால் ஊசி. சும்மா நின்று யோசித்தாலும் ஊசி. டாக்டர் சீட்டா? அதெல்லாம் எதற்கு... மெடிக்கல் ஷாப்காரர் தெரிந்தவர்தானே.

விசேஷம் நெருங்கும்போது போன் செய்தான். சீர்க் கிடாக்கள் உட்பட பாதிப் பட்டிக்குக் கழிச்சல். ஒரு குட்டி செத்தே போய்விட்டது.

“ஆன்டிபயாடிக் மாத்தி மாத்திப் போட்டுட்டேனுங்க மாமா. நிக்கமாட்டேங்குது” என்றான். அவன் குடும்பமே அந்தப் பட்டியை நம்பித்தான் இருக்கிறது. அங்கிருந்த கால்நடை டாக்டரும் லீவில் போயிருந்தார்.

சரஸ்வதிபுரத்தில் எங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு பிரவுசிங் சென்டர் வந்திருக்கிறது. என்னோடு பள்ளியில் படித்த ராமநாதன் இப்போது சென்னையில் கால்நடை டாக்டர். அவனிடம் இ-மெயில் இருக்கிறது. எதற்கு வைத்திருக்கிறான் என்று அதுவரை எனக்குப் புரிந்ததில்லை. ஒற்றை விரலால் தட்டி விஷயத்தை எழுதி அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. மருந்துப் பெயர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கேள்விகள். காய்ச்சல் உண்டா? வயிறு உப்பியிருக்கிறதா? புதிதாக என்ன தின்றன?

போனில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசிக் கேள்வியில் பழனிசாமி மாட்டிக்கொண்டான். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை அண்டா அண்டாவாகக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறான். விசேஷத்துக்குள் கிடாக்கள் கொழுக்க வேண்டுமாம்!

ராமநாதனின் அடுத்த மெயில் தெளிவாக இருந்தது. சோறு வயிற்றில் புளித்துத்தான் இந்தக் கூத்து. சோற்றை நிறுத்து, வைக்கோல் போடு, சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடு. ஊசியைத் தொடாதே. இதற்கு அது கேட்காது. கண்டதற்கும் போட்டுக்கொண்டிருந்தால், நிஜமாகவே கிருமி வரும்போதும் கேட்காது.

கடைசியில் இன்னொரு வரி. ஊசி போட்ட ஆடுகளைச் சில வாரங்களுக்கு அறுக்கக் கூடாது — மருந்து கறியில் தங்கியிருக்கும்.

அந்த வரியைப் படித்தவன் நான் ஒருவன்தான். ஊரையே கறி விருந்துக்கு அழைத்தாகிவிட்டது. பேசாமல் விழுங்கிவிடலாமா என்று நினைத்தேன்... ஆனால் பந்தியில் என் மகளும் உட்காருவாளே. பழனிசாமியிடம் சொல்லிவிட்டேன்.

“ஆட்டைத் தொட்டுக்கூடப் பாக்காம கம்ப்யூட்டர் எப்படிங்க மாமா சொல்லும்?”

நியாயமான கேள்விதான். சொன்னது ராமநாதன், கம்ப்யூட்டர் தபால்காரன் மட்டும்தான் என்று விளக்கிப் பார்த்தேன். எடுபடவில்லை. வேறு கிடா வாங்கலாமே என்றேன். தாய்மாமன் சந்தையில் வாங்கின கிடாயையா சீர் கொண்டுவருவது, அதற்கு நான் வராமலே இருந்துவிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டான்.

கோபம் கோபமாக இருந்தாலும் சோடாவைக் கரைத்துக் கொடுத்திருக்கிறான். ஊசியைத் தொடவில்லை. சில நாட்களில் ஆடுகள் எழுந்து மேய ஆரம்பித்தன. அதை அவனே போன் செய்து சொன்னான், ஏதோ அடுத்த வீட்டுச் சமாச்சாரம் போல.

அவனைச் சொல்லி என்ன? டாக்டர் ஊசி போடாமல் அனுப்பினால் நாம் மட்டும் அவரை டாக்டர் என்று ஒப்புக்கொள்கிறோமா?

விசேஷத்துக்குப் பழனிசாமி வந்தான். மகளை மடியில் உட்கார வைத்து, அவள் அழுதபோது அவனும் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் மனம் கோணக் கூடாதென்று நானும் வெளியில் கறி வாங்கவில்லை. பந்தியில் கத்தரிக்காய் சாம்பார்.

ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே என் சித்தப்பா சொன்னார்: “அடுத்த விசேஷத்துக்கு அந்தக் கம்ப்யூட்டருக்குப் பத்திரிகை வைக்காதப்பா.”