வயரில் வந்த ஜெசிதாவின் குரல்

இது நடந்தது. கொக்குவிலில், பட்டப்பகலில் நடந்தது. பேயென்றால் இருட்டும் புளியமரமும் வேண்டும் என்று நினைக்கிற ஆட்கள் இப்போதே எழும்பிப் போகலாம். கீர்த்திகனும் அப்படி நினைத்தவன்தான்.

கீர்த்திகன் உரும்பிராய்ப் பெடியன். கொழும்பில் கொஞ்சக் காலம் கணினி படித்துவிட்டு வந்து, யாழ்ப்பாணத்தில் தன்னைத் தவிர எல்லாருடைய தலைக்குள்ளும் களிமண் என்று முடிவுகட்டியிருந்தான். பெரிய விண்ணன்! அவனுக்கேற்ற முதலாளிதான் சோமசேகரம். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை எடுத்துச் சின்ன வானொலி நிலையம் நடத்தினார். மைக்குக்கு முன்னால் ஆளை இருத்துவதே வீண் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஒலிபரப்பைத் தானாக நடத்தும் மென்பொருளைப் போட்டு, மூன்று கணினிகளை வயரால் இணைத்துத் தரும் வேலையைக் கீர்த்திகனிடம் கொடுத்தார். ஒலிப்பதிவு அறையில் உள்ளது பதியும். பின்னறையில் உள்ளது சேமிக்கும். முன்னறையில் உள்ளது ஒலிபரப்பும். மனிசர் தேவையில்லை.

தேவையில்லாமல் போகிற மனிசி ஜெசிதா. குருநகர்ப் பிள்ளை. ஒவ்வொரு மத்தியானமும் மரண அறிவித்தல் வாசிப்பவள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட, இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு தந்தையுமான... என்று அவள் தொடங்கினால், சமைக்கிறவர்கள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அவளுடைய வீட்டில் தாய் லூர்த்தம்மாவும் அவளும்தான். அந்தக் குரல்தான் இரண்டு பேருக்கும் சோறு.

கீர்த்திகனுக்கு அதில் ஒரு யோசனை பிறந்தது. ஊர்ப்பெயர்களையும் உறவுமுறைகளையும் அவளைக் கொண்டே துண்டு துண்டாகப் பதிந்து வைத்தால், பிறகு மென்பொருளே பொருத்தி வாசித்துவிடும். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். தன் குழியைத் தானே வெட்டச் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைக்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

“எல்லாம் சொல்லுறன் அண்ணை,” என்றாள். “‘காலமானார்’ எண்டதை மட்டும் பேர் இல்லாமல் சொல்லமாட்டன். ஆளில்லாத சாவைச் சொல்லக்கூடாது.”

“உந்த விசர்க்கதையை விடும். கண்டறியாத அறிவித்தல்!” என்றான் கீர்த்திகன்.

சோமசேகரம் தலையை நிமிர்த்தவுமில்லை. “நாளைக்கு வந்து எல்லாத்தையும் பதிஞ்சு தந்தால் மாசக் கடைசி வரைக்கும் வேலை. இல்லாட்டி இண்டையோடை சரி.”

அவள் அழுதுகொண்டு போனாள். இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தார்கள். நல்ல சோடி!

சனிக்கிழமை காலை கீர்த்திகன் பின்னறையில் போய் இருந்தான். ஒலிப்பதிவு அறை மைக் வேலை செய்வதாகத் திரை காட்டியது. ஹெட்போனை மாட்டினான்.

“ஜெசிதா, வந்திட்டீரோ?”

“ஓம்.”

எழும்பி நாலடி நடந்தால் முகத்தைப் பார்த்திருக்கலாம். அவளுக்கு என்ன வரவேற்பு என்று நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சரிந்தான்.

“ஊர்ப்பேரைச் சொல்லும்.”

கொக்குவிலை... கோப்பாயை... உரும்பிராயை... ஒவ்வொன்றும் ஒரு கோப்பாக வயர் வழியே வந்து திரையில் இறங்கியது. ஒரு பிசகில்லை. இருமல் இல்லை. மூச்சு வாங்கும் சத்தம்கூட இல்லை.

யாழ்தேவி போனது. யன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. ஹெட்போனில் ரயில் சத்தமே இல்லை. அறையை நன்றாக அடைத்திருக்கிறேன் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான், மூதேவி.

“இனி உறவுமுறை. அன்பு மகனும்...”

சொல்லி முடிக்கவில்லை. கோப்பு வந்து கிடந்தது.

“மருமகனும்” என்று சொல்ல வாயைத் திறந்தான். அதுவும் வந்து கிடந்தது.

கழுத்து கொஞ்சம் குளிர்ந்தது. காற்றாடியை நிறுத்தினான்.

பதினொன்று ஐம்பது. ஒரே ஒரு சொல்தான் மிச்சம்.

“காலமானார் எண்டு சொல்லும்.”

கோப்பு வரவில்லை.

“சொல்லும்!”

“ஆர்?”

“ஒருத்தருமில்லை. சும்மா சொல்லும்.”

மெதுவாக வந்தது,

“காலமானார்.”

அப்போது அவனுடைய போன் அடித்தது. ஹெட்போனை ஒரு காதில் விலக்கிவிட்டு எடுத்தான்.

“தம்பி, நான் ஜெசிதாவின்ரை அம்மா கதைக்கிறன். பிள்ளை இண்டைக்கு வரமாட்டாள். எழும்பினதிலை இருந்து குரல் இல்லை. வாயை அசைக்கிறாள், ஒரு சத்தமும் வரேல்லை. வேலையாலை நிப்பாட்ட வேண்டாமெண்டு முதலாளியிட்டைச் சொல்லுங்கோ தம்பி...”

மற்றக் காதில் ஜெசிதா, ஒருத்தரும் கேட்காமலே, திரும்பவும் ஊர்ப்பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தாள்.

போனையும் ஹெட்போனையும் மேசையில் போட்டுவிட்டு ஓடினான். ஒலிப்பதிவு அறைக் கதவைத் தள்ளினான்.

இருட்டு. வெறும் கதிரை. மைக்குக்கு உறை போட்டபடி.

பின்னறைக்குப் போகிற வயர் நிலத்தில் சுருண்டு கிடந்தது. அதன் முனை கணினியில் குத்தப்படவேயில்லை. நேற்றுக் குத்த மறந்தது இப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

அப்படியானால்... அந்தக் கோப்புகள்?

திரும்பி ஓடிவந்தான். திரையில் கோப்புகள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன.

எல்லாவற்றையும் அழிக்கவென்று கையை வைத்தான்.

“அழிச்சுப் போடாதேங்கோ அண்ணை.”

ஹெட்போன் மேசையில் கிடந்தது. அதற்குள்ளிருந்து வந்தது.

அவன் விரலை எடுக்கவில்லை.

“அண்ணை... வேண்டாம்... அழிச்சுப் போடாதேங்கோ...”

அழுத்தினான்.

ஒன்றும் இல்லை. ஒரு இரைச்சல்கூட இல்லை.

அவளுக்காக அழித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். தன் பயத்துக்கு அழித்தான். அந்தக் குரல் என்ன கேட்டது, ஏன் கேட்டது என்று நின்று யோசிக்கிற அளவுக்கு அவனிடம் நெஞ்சு இருக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வானொலி ஊமையாகக் கிடந்தது. சோமசேகரம் போனில் குதித்தார். “பின்னேரமெண்டாலும் அவள் வந்து வாசிக்கோணும். கூட்டிக்கொண்டு வாரும். இல்லாட்டி ரெண்டு பேருக்கும் இஞ்சை வேலை இல்லை!”

கீர்த்திகன் குருநகருக்குப் போனான். லூர்த்தம்மா வாசலிலேயே அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“தம்பி, பிள்ளை கதைச்சவள்! பன்ரண்டுக்குக் கொஞ்சம் முன்னம் கதைச்சவள். மாதா கைவிடேல்லை. பிறகு திரும்ப அடைச்சுப்போச்சு. எண்டாலும் வந்திடும், என்ன தம்பி?”

“என்ன... என்ன சொன்னவ?”

“‘அழிச்சுப் போடாதேங்கோ அண்ணை’ எண்டு கும்பிட்டுக் கத்தி அழுதவள். ரெண்டு தரம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.”

அவளுக்குப் பின்னால், கட்டிலில், ஜெசிதா எழும்பி இருந்தாள். அவனைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

இன்றுவரை வரவில்லை. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். சோமசேகரம் வேறொரு பிள்ளையைப் பிடித்துவிட்டார். கீர்த்திகன் குருநகர்ப் பக்கமே போவதில்லை. ஆனால் பெரியகடைச் சந்தைப் பக்கம் எங்காவது கண்டுவிட்டால் லூர்த்தம்மா அவனை மறித்து நின்று கேட்கிறாள்.

“தம்பி, என்ரை பிள்ளைக்குக் கூடப்பிறந்த அண்ணை ஒருத்தரும் இல்லை. அண்டைக்கு அவள் ஆரைக் கும்பிட்டு அழுதவள்?”