என் சிவப்புப் பேனாவும் மச்சானின் பாட்டும்

குறுக்கே சிவப்புக் கோடு போட்ட ஒரு நோட்டுப் பக்கம் டிவியில் வந்து நின்றது. எழுத்து என் அத்தை மகனுடையது. கோடு என்னுடையது. ராப் பாடகர்கள் எப்படிப் பாட்டுக் கட்டுகிறார்கள் என்று ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறார்கள். அதில் அவனுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்து, பிரியாணியும் ஆன பிறகு வீடே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இன்னாங்க, உங்க மச்சான் எம்மாம் பெரிய ஆளாயிட்டாரு!" என்றாள் என் மனைவி. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பெங்களூர் ரயில்தான் ஷிப்ட். நானும் அவனும் ஊரிகம் ஸ்டேஷனில் ஒன்றாக ஏறுவோம். டிபன் பாக்ஸைத் தட்டித் தட்டி வரி சொல்லுவான், பிறகு எழுதுவான். பங்காருபேட்டை தாண்டியதும் நோட்டு என் மடிக்கு வரும். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். போதாததற்குப் பள்ளியில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவன். சட்டைப் பையில் சிவப்புப் பேனா இல்லாமல் வீட்டைவிட்டு இறங்கமாட்டேன். பொதுக்குழாய்ச் சண்டை, கக்கூஸ் வரிசை, சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜ் என்று அவன் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு நிலவு, அருவி என்று எழுதிக் கொடுப்பேன். எங்கள் ஊரில் அருவிக்கு எங்கே போவது? இருப்பதெல்லாம் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேடு. அவன் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. "சரி மச்சான்" என்று நோட்டை மூடிக்கொள்வான்.

ஒருநாள் இப்படி எழுதியிருந்தான்: "கேஜு எறங்குனா வெளிச்சம் மூடும், அப்பா இருமுனா கூரை ஆடும்." படித்ததையே இன்னொரு முறை படித்தேன். அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே ஷாஃப்டில் இறங்கியவர்கள். அதே இருமலை நானும் தினமும் கேட்டுத்தான் வளர்ந்தேன். எனக்கு ஏன் அது பாட்டாகத் தோன்றவில்லை? அந்த வரியை ஒரு முறை அடித்தேன். மனசு ஆறாமல் இன்னொரு முறை அடித்தேன். "இதெல்லாம் பாட்டாடா?" என்றேன்.

படத்தில் அவனிடம் கேட்கிறார்கள், எழுதியதில் எந்த வரி நல்ல வரி என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று. அவன் சிரிக்கிறான். "ட்ரெயின்ல எங்க மச்சான் ஒருத்தரு திருத்துவாரு. அவரு பேனா எங்க ரொம்ப அழுத்தி வுழுதோ, அதான் நல்ல வரி. ஒருவாட்டி கூட அவரு தப்பு பண்ணதில்ல."

என் மனைவி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் தினமும் நோட்டை என் மடியில் வைத்திருக்கிறான், படுபாவி. திரையில் மறுபடியும் அந்தப் பக்கம் வந்தது. இரண்டு கோட்டுக்கு அடியிலும் அந்தக் கேஜு வரி தெளிவாகத் தெரிந்தது. என் மகள் திரையைப் பார்த்துப் படிக்கவில்லை. பாட்டாக வெளிவந்த அந்த வரி அவளுக்கு ஏற்கெனவே மனப்பாடம்; கையைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தாள்.