‘கெடக்கு’ என்றொரு சொல்லும் ஜெசிந்தாவின் நாட்களும்

ஒரகடம் கூட்டுரோட்டுக் கடையில் ஒன்பது ஆண்டுகளாக டீ குடிக்கிறேன். இன்றைக்கும் வாய் தவறி, “பன்னு கெடக்கா?” என்று நாகர்கோவில் பேச்சில் கேட்டுவிடுகிறேன். “கெடக்கறதெல்லாம் குப்பத்தொட்டில பெருசு, பன்னு கண்ணாடிப் பொட்டில கீது” என்கிறார் கடைக்காரர். கடையே சிரிக்கிறது. எங்கள் ஊரில் கெடக்கு என்றால் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது. இங்கே அதற்குக் கீது என்று சொல்ல வேண்டும். கெடக்கு என்றால் கேட்பாரில்லாமல் கிடக்கிறது. நானும் அவர்களோடு சிரித்துவைக்கிறேன், ஆனால் அந்தச் சொல் எனக்கு வேடிக்கையாக இல்லை.

ஊரில் நான் வேலை பார்த்த நூற்பாலை மூடியதும், புள்ளியியல் படிப்பை மட்டும் சுமந்துகொண்டு வல்லம் வடகாலில் மகன் வீட்டுக்கு வந்தேன். தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்டிராக்ட் அலுவலகத்தில் வருகைப் பதிவு பார்க்கும் வேலை கிடைத்தது. இரண்டு ஆண்டுக்குள் நானூற்றெண்பது நாள் உழைத்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது சட்டம். அதற்காக எக்ஸெலில் ஒரு டேட்டா மாடல் கட்டினேன். ஒவ்வொருவரையும் தனிக் குழுவாகப் பிரித்து, அவர் வந்த நாட்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகும். ஆள் மாறினால் கூட்டல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். காண்டிராக்ட் புதுப்பிக்கும்போதெல்லாம் கேட் பாஸ் எண்ணை மாற்றுகிறார்களே என்று, எண்ணை விட்டுவிட்டு இனிஷியலோடு சேர்ந்த பெயரையே குழுவாக்கினேன். பெயர் மாறாது என்று நினைத்தேன். கல்யாணமானால் பெண்களின் இனிஷியல் மாறும் என்பது, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த எனக்கு அன்று தோன்றவில்லை.

வயரிங் லைனில் வேலை செய்த இருங்காட்டுக்கோட்டை ஜெசிந்தா, கல்யாணம் முடிந்து புது ஆதாரோடு வந்தாள். ஆ. ஜெசிந்தா, மா. ஜெசிந்தா ஆனாள்.

“சார், பழைய நாளெல்லாம் இன்னா ஆச்சு?”

“அது அங்க கெடக்கும்மா” என்றேன். பத்திரமாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

அவள் முகம் சுண்டிவிட்டது. “கெடக்குதுன்னா எப்டி சார்? எடுத்து சேக்க மாட்டீங்களா?”

“எங்கயும் போகாது, பயப்படாதே.”

நிரந்தரப் பட்டியல் எடுத்த வாரம் அவள் பெயர் வரவில்லை. தேடினேன். ஆ. ஜெசிந்தா நானூற்றுப் பன்னிரண்டில் நின்றிருந்தாள், மா. ஜெசிந்தா எழுபத்தொன்று. ஒரே பெண் இரண்டு குழுவாகிவிட்டாள். சேர்த்தால் நானூற்றெண்பதைவிட மூன்று நாள் அதிகம். பழைய பெயரையும் புதுப் பெயரையும் இணைக்க ஒரு சின்ன அட்டவணை போதும், பத்து நிமிட வேலை. மேலாளரிடம் சொன்னேன். “நீங்க போட்ட ஃபார்முலாதானே சார்? அது இன்னா சொல்தோ அதான் கணக்கு. வுடுங்க” என்றார்.

விட்டுவிட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி. என் சூத்திரம் தப்பு என்று நாலு பேருக்குத் தெரியுமே என்ற வெட்கம் மீதி. அடுத்த மாதம் அவளை நிறுத்தினார்கள்.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். வேறு கம்பெனிச் சீருடை, மறுபடியும் காண்டிராக்ட். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய பழைய பெயரும் புதுப் பெயரும் நாள் கணக்கோடு இருந்த இரண்டு வரிகளை அச்செடுத்துப் பையில் வைத்திருந்தேன்; அதை நீட்டி, “கையெழுத்துப் போட்டுத் தாரேன், லேபர் ஆபீஸ்ல குடும்மா” என்றேன்.

குனிந்து இரண்டு எண்களையும் படித்தாள். “அப்போ சொல்லியிருக்கணும் சார். நானு மறுபடி ஒண்ணுலேந்து எண்ணிக்கினு கீறேன்.” பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, “நீங்கதான் அன்னிக்கே சொன்னீங்களே, கெடக்குன்னு. கரெக்டாத்தான் சொல்லிகிறீங்க” என்றாள். காகிதம் என் கையிலேயே இருந்தது.

நேற்று ஊரிலிருந்து தங்கை பேசினாள். “அண்ணே, இங்க நம்ம வீடு பூட்டியே கெடக்கு” என்றாள். எங்கள் பேச்சில் சொன்னாளா, இந்த ஊர்ப் பேச்சில் சொன்னாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.