நல்லசிவத்தின் வண்டி போன இடங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு ஷகீலா போன் செய்தாள். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பவள். "அண்ணா, மேட்சிங் கடை நல்லசிவம் அண்ணன் தவறிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாராம், அவ்ளோதான்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சு" என்றாள். ஏன் தோன்றியது என்று நான் கேட்கவில்லை.

நல்லசிவத்துக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அவருடைய அப்பா தி.நகரில் போட்ட கடையை நடத்திவந்தார். ரவிக்கைத் துணி, லைனிங், புடவைக்கு ஃபால்ஸ். யாராவது புடவையைக் கொண்டுபோனால் வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் ஒரு தடவை பார்ப்பார். டியூப்லைட்டில் பார்த்த கலரை நம்பக் கூடாது என்பார். பிறகு அத்தனை துணிகளுக்கு நடுவில் கை நேராக ஒன்றின் மேல் போய் நிற்கும். சேராததை விற்க மாட்டார். "இது கொஞ்சம் மஞ்சள் தூக்கலா இருக்கும்மா, எதிர்க் கடையில பாருங்க" என்று அனுப்பிவிடுவார்.

நான்கு வருஷத்துக்கு முன் அவரை என் தங்கை ஷண்முகப்ரியாவுக்குப் பார்த்தோம். இரண்டு பக்கமும் சைவக் குடும்பம். மயிலாப்பூரில் திருமணத் தகவல் மையம் நடத்தும் தாரணி அம்மாள்தான் ஜாதகம் கொடுத்தார். பெண் பார்க்க வந்த அன்று நல்லசிவம் தங்கையின் ரவிக்கையைப் பார்த்துவிட்டு, "இது எங்க கடையில எடுத்தது இல்ல" என்றார். "தெரியுதா?" என்று அவள் சிரித்தாள். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது.

மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், கடைத்தெருவில் கேட்பார்கள். அப்பா இல்லாத வீட்டில் அது என் பொறுப்பு. நாலு பேரிடம் போய் நின்று கேட்க எனக்குக் கூச்சம். நான் வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறேன். காந்தம் வைத்த சின்ன ஜி.பி.எஸ். கருவி ஒன்று மேசை டிராயரில் கிடந்தது. அவர்கள் உள்ளே கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்ற அவருடைய ஸ்கூட்டரின் பின் மட்கார்டுக்குள் அதை ஒட்டினேன். உரிமையாளரின் சம்மதத்தோடுதான் கருவியைப் பொருத்த வேண்டும் என்ற வரிக்குக் கீழே தினமும் ஆட்களிடம் கையெழுத்து வாங்குகிறவன் நான்.

பத்தொன்பது நாள் வண்டி போகிற இடத்தை என் போனில் ஒரு புள்ளியாகப் பார்த்தேன். சாப்பிடும்போதுகூடப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அந்தப் புள்ளி நொச்சிக்குப்பத்தில், மீன் விற்கும் சாலையோரத்தில், அரை மணி நேரம் நின்றது. அடுத்த ஞாயிறும் அங்கேயே நின்றது. சனிக்கிழமை சாயங்காலங்களில் ஆதம்பாக்கத்தில் ஒரு ஒயின் ஷாப் வாசலில். மீன், குடி என்று கேள்விப்பட்டதாக மட்டும் வீட்டில் சொன்னேன்.

"அவரையே ஒரு தடவை கேட்டுடலாமேண்ணா" என்றாள் தங்கை.

"இதையெல்லாம் எப்படிக் கேக்கறது?" என்றேன்.

தாரணி அம்மாளிடம் போய், "விசாரிச்சதுல பையனுக்குப் பழக்கம் சரியில்ல" என்று சொன்னேன். எப்படி விசாரித்தேன் என்று அவர் கேட்கவில்லை. ஜாதகத்தின் மூலையில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து நல்லசிவம் என் ஆபீஸ் வாசலுக்கு வந்து ஒரு துணிக்கடைக் கவரை நீட்டினார். உள்ளே அந்தக் கருவி.

"சர்வீஸ் விட்டப்ப மெக்கானிக் எடுத்துக் குடுத்தான். உங்க கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு."

கவரை வாங்கிக் கைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

"வண்டியை நான் மட்டும் ஓட்டறதில்லைங்க. சாவி வாசல் ஆணியில தொங்கும். தெருவுல யாருக்கு வேணுமோ எடுத்துட்டுப் போவாங்க. யாரு எங்க போனாங்கன்னு கேக்காதீங்க, அது அவங்க விஷயம்."

"போலீஸ்ல..." என்று இழுத்தேன்.

"வக்கீல் குடுக்கத்தான் சொன்னாரு. குடுத்தா உங்க தங்கச்சி பேரையும்ல எழுதுவாங்க. வேணாம். தாரணி அம்மாவுக்கு மட்டும், நீங்க சொன்னது தப்புன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. வாயால சொன்னா, ஜாதகத்துல எழுதி வெச்சதை அடிக்க மாட்டாங்களாம். எனக்கும் வேற இடம் பாக்கணும் இல்லையா?"

"குடுத்துடறேன்" என்றேன்.

அதற்கு முன் எங்கள் சட்டப் பிரிவு ஆனந்தகுமாரிடம், யாருக்கோ நடந்ததுபோல விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். "யாருப்பா அந்த அறிவாளி?" என்று சிரித்தான். "அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு. பொண்டாட்டி வண்டியில வெச்சாலே வம்பு, இவன் ஊரான் வண்டியில வெச்சிருக்கான். எழுத்துல எதையும் குடுத்துடாதன்னு சொல்லு. அதுவே அவனுக்கு எதிரா சாட்சியாயிடும்."

நல்லசிவம் இரண்டு தடவை போன் செய்தார். இந்த வாரம் என்றேன், அடுத்த வாரம் என்றேன். அப்புறம் அவர் செய்யவில்லை. தங்கைக்கு மறு வருஷம் வேறு இடத்தில் கல்யாணமாகி அடையாறில் இருக்கிறாள். கருவி விஷயம் அவளுக்கு இன்றுவரை தெரியாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாலை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அதே தெருக்காரர் காஸ்பர் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், கஸ்டமரா?"

"ஆமாம்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை ஆனா அவரு வண்டி நம்ம கையிலதான் கீது. குப்பத்துக்குப் போயி மீனு வாங்கினு வருவேன். ரெண்டு தபா கழுவித்தான் குடுப்பேன், அப்பவும் மூக்கைப் புடிச்சிக்கினுதான் சாவி வாங்குவாரு. முட்டைகூட தொடாத மனுஷன் சார்." சிரித்தபடியே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஷகீலா பக்கத்தில் வந்து நின்றாள். "சனிக்கிழமை நான் எடுப்பேன். எங்க வீட்டுக்காரரை ஆதம்பாக்கத்துலேருந்து கூட்டியாரணும்ல. ஒருத்தர்கிட்ட சொன்னதில்ல அண்ணன்" என்றாள் மெதுவாக. பிறகு என்னைப் பார்த்து, "உங்க வீட்டு சம்பந்தம் ஏண்ணா நின்னுபோச்சு? அவரைக் கேட்டா வேற பேச்சு பேசிடுவாரு" என்றாள்.

"ஜாதகம் சேரலை" என்றேன். உள்ளே அவரைக் கிடத்தியிருந்த இடம் அங்கிருந்து பத்தடிகூட இருக்காது.

தாரணி அம்மாளுக்கு நான் தொடங்கிய கடிதம் என் ஆபீஸ் பையின் உள்ளறையில் இருக்கிறது. பெறுநர் முகவரி எழுதியிருக்கிறேன். நான்கு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி இருக்கிறது. "அம்மாவுக்கு வணக்கம்" என்பதற்குக் கீழே எதுவும் எழுதப்படவில்லை.