டேப் சுற்றிய இரண்டு முனைகள்

எங்கள் ஊரில் நோலா கெட்டரிங்குக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: கிராதி நோலா. மாடுகள் தாண்டிப் போகாமலிருக்க ஊர் எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே, தரையோடு தரையாக இரும்புக் கிராதி பதித்திருக்கிறார்கள். நோலாவின் வெள்ளை வேகன் கார் அதுவரை வரும்; தாண்டாது. "நோலா கிராதியைத் தாண்டினா அன்னைக்கு மழை பெய்யும்" என்று பப்பில் சொல்வார்கள். ஊர்க் கடையில் எங்களுக்குத் தபால் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். இந்தப் பேச்சு காதில் விழுந்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அவர் காரில் பெட்ரோல் முள் வேலை செய்யாது. டேங்கில் எவ்வளவு இருந்தாலும் காலி என்ற கோட்டிலேயே படுத்துக் கிடக்கும். கிராதியைத் தாண்டினால் அடுத்த பெட்ரோல் பங்க் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால். நடுவில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. நோலா சிறுமியாக இருந்தபோது அவருடைய சித்தப்பா மகன் பெட்ரோல் தீர்ந்து, காரை விட்டு இறங்கி வெயிலில் நடந்து, இறந்து போனான். தேடிப் போனவர்களில் நோலாவின் அப்பாவும் ஒருவர். முள் செத்த காரில் வெளியூர் போவதை நோலாவால் நினைத்துப் பார்க்கவே முடியாது. நாங்கள் கேலி செய்தோமே தவிர, அவர் பயப்படுவது தப்பு என்று யாரும் சொன்னதில்லை.

அவர் கணவர் ராய் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் ஓடும் மோட்டார், ஜெனரேட்டர் எல்லாவற்றிலும் அவர் கை பட்டிருக்கும். பட்டிருந்தால் பார்த்ததும் தெரியும். வயரில் டேப் சுற்றி முடித்ததும் நுனியைச் சிறிதாக மடித்து ஒட்டிவிடுவார். "அடுத்து வர்றவன் நகத்தால சுரண்டிக்கிட்டு நிக்கக் கூடாது" என்பார். எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் அந்த மடிப்பைப் பார்த்துத்தான் நானும் அப்படிச் சுற்றப் பழகினேன்.

மனைவியின் காருக்கு மட்டும் அவருக்கு நேரம் வரவில்லை. பாகம் கிடைக்கவில்லை என்பார், வெயில் குறையட்டும் என்பார். அந்த டேங்கைப் பற்றி இன்னொன்றும் சொல்லி வைத்திருந்தார்: மேல்பக்கம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது, பாதிக்கு மேல் ஊற்றினால் ஒழுகும், தீப்பிடிக்கும். அதனால் நோலா எப்போதும் இருபது லிட்டருக்கு மேல் போட்டதில்லை.

இந்தக் கோடையில் ராய் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவருடைய ட்ரக் கிளட்ச் கழற்றியபடி கொட்டகைக்குள் நின்றது. அந்த நேரத்தில்தான் ஒரு பகல் தூரத்திலிருந்த போர்ட் அகஸ்டாவிலிருந்து மகள் ட்ரேஸி கூப்பிட்டாள். மூன்றாவது பிரசவம், வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அவள் கணவன் நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தான். முதல் இரண்டு பிரசவத்துக்கும் நோலா போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நோலா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"டார்சி, நீ ஸ்கூல்ல கார் வேலை படிச்சவதானே?"

"கொஞ்சம் படிச்சேன்."

"அந்தக் கொஞ்சம் எனக்குப் போதும். வியாழக்கிழமைக்குள்ள அந்த முள்ளை எழுப்பிக் குடு. ட்ரேஸி தனியா கிடக்கா."

பன்னிரண்டாவது முடித்துவிட்டு அடிலெய்டில் ஏதாவது ஒரு பட்டறையில் இடம் கிடைக்குமா என்று காத்திருந்த நேரம் அது. சும்மா இருப்பது எனக்கு நரகம். உடனே கிளம்பிவிட்டேன்.

ராய் வராந்தாவில் நாற்காலியில் இருந்தார். "அவகிட்ட குடுத்தியா? இருக்குற ஹாரனும் போகப் போகுது" என்றார். "நான் நடக்க ஆரம்பிச்சதும் பார்க்குறேன்னு சொன்னேன்ல?"

"நீ நடக்குறதுக்குள்ள அந்தக் குழந்தை நடந்துரும்" என்றார் நோலா.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கும். பெட்ரோல் ஏறினால் அது ஏறும், இறங்கினால் இறங்கும். அந்தச் செய்தியை ஒரே ஒரு வயர் டேஷ்போர்டில் இருக்கும் முள்ளுக்குக் கொண்டுபோகும். கெட்டது மிதவையா, வயரா, முள்ளா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும்.

சாவியைத் திருப்பி வைத்து நோலாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். பின்னால் கம்பளத்தைத் தூக்கி, டேங்கின் மேலிருந்த வயரைக் கழற்றி, அதன் முனையைக் காரின் வெற்று இரும்பில் தொட்டேன். வயர் நன்றாக இருந்தால் முள் முழுசாக ஏற வேண்டும்.

"எழுந்துச்சா?"

"தூங்குது."

"இப்போ?"

"குறட்டை விடுது, டார்சி."

அப்படியானால் கோளாறு மிதவையில் இல்லை. டேஷ்போர்டின் முன்மூடியைக் கழற்றி, முள்ளின் பின்பக்கம் ஒரு துண்டு வயரை வைத்து அதே மாதிரி இரும்பில் தொட்டேன். முள் மெதுவாக அசைந்தது. பாதியைத் தாண்டியது. நிறைந்த டேங்க் என்ற கோட்டில் போய் நின்றது.

நோலா வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "இது செத்துப் போச்சுன்னுல்ல ராய் சொன்னாரு."

"முள்ளு நல்லாத்தான் இருக்கு. நடுவுல வயர் எங்கயோ அறுந்திருக்கு."

"எலியா?"

"எலியாத்தான் இருக்கும்" என்றேன். போன வருடம் எலிகள் பாதி ஊரின் வயர்களைத் தின்றிருந்தன.

வயர் டிரைவர் பக்கக் கதவின் அடியில், வாசற்படித் தகட்டுக்குக் கீழே ஓடியது. தகட்டைக் கழற்றிக் கம்பளத்தை உரித்தேன். அங்கே இருந்தது.

வயர் வெட்டப்பட்டிருந்தது. இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இடைவெளி. இரண்டு முனைகளிலும் தனித்தனியாகக் கறுப்பு டேப், நெருக்கமாக, சுருக்கமே இல்லாமல் சுற்றியிருந்தது. இரண்டு டேப்பின் நுனியும் சிறிதாக மடித்து ஒட்டப்பட்டிருந்தது.

எலி டேப் சுற்றாது. அறுந்ததைச் சேர்க்க நினைக்கிறவர் இரண்டு முனையையும் தனித்தனியாக மூட மாட்டார். சேரக் கூடாது என்று நினைக்கிறவர்தான் மூடுவார். நான் அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடி வைத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அதற்குள் நோலா இறங்கி வந்து என் பக்கத்தில் மண்டி போட்டுவிட்டார்.

ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். ராய் எப்போதும் சொல்வது போல, நகம் படாமலே டேப் சுலபமாக உரிந்து வந்தது.

அந்தத் துண்டை விரலில் ஒட்டியபடியே வராந்தாவுக்கு நடந்தார். எனக்குப் போவதா நிற்பதா என்று தெரியவில்லை. பின்னால் போய்ப் படியருகே நின்றேன்.

"இது எப்போ செஞ்சது, ராய்?"

ராய் அந்த விரலைப் பார்த்தார். பொய் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"ட்ரேஸிக்குக் கல்யாணமாகி அங்க போனப்போ, நீ ஒரு வாரம்னு சொல்லிட்டுப் போன. ஆறு வாரம் இருந்துட்டு வந்த."

"வந்தேன்ல?"

"வந்த. அடுத்த தடவை வருவன்னு என்ன நிச்சயம்?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ என்ன சொல்வியோன்னு இருந்துச்சு."

நோலா வராந்தா தூணைப் பிடித்துக்கொண்டார். "எங்க சித்தப்பா பையன் கதை உனக்குத் தெரியும். நான் எதுக்குப் பயப்படுவேன்னு தெரிஞ்சே செஞ்சிருக்க. ஊரே என்னைக் கிராதி நோலான்னு சிரிச்சப்போ பக்கத்துல நின்னு நீயும் சிரிச்ச."

ராய் காலடியில் ஈ மொய்த்த டீக் கோப்பையை ஊன்றுகோலால் நகர்த்தி வைத்தார்.

நோலா என் பக்கம் திரும்பினார். "அதைச் சேர்த்துடு, டார்சி. பெட்ரோல் பங்க்குக்குப் போகலாம்."

வயரின் இரண்டு முனைகளையும் சீவி, ஒரு சின்னத் துண்டு வைத்துச் சேர்த்து, ஈயத்தால் பற்ற வைத்து, டேப் சுற்றினேன். நுனியை மடிக்காமல் அழுத்தித் தேய்த்தேன். இதை யாரும் சுலபமாகப் பிரிக்க வேண்டியதில்லை.

பங்க்கில் நோலாவே குழாயைப் பிடித்துக்கொண்டார். இருபது லிட்டர் வந்ததும் பழக்கத்தில் கை நின்றுவிட்டது.

"ஒழுகுமா?" என்றார்.

"நான் அடியில படுத்துப் பார்க்குறேன். நீங்க ஊத்துங்க."

அட்டையை விரித்துக் காருக்கடியில் படுத்தேன். டேங்கின் மேல்பக்கம் கைவிட்டுத் தடவினேன். புழுதிதான் இருந்தது, துரு இல்லை. பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது, குழாய் தானாக 'டக்' என்று நின்றது. ஒரு சொட்டு விழவில்லை. துருப்பிடித்த ஓட்டை என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. வயரைவிட இதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. வயரை வெட்டியது ஒரு நாள் வேலை. இந்தப் பொய்யை ராய் ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

வெளியே வந்தபோது நோலா சாவியைத் திருப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார். முள் மேல் கோட்டில் நின்றது. அவர் முள்ளின் கண்ணாடி மேல் விரலை வைத்து, அது உண்மையா என்று பார்ப்பது போல இரண்டு தடவை தட்டினார். முள் அசையவில்லை.

புதன்கிழமை காலை, தண்ணீர்க் கேனும் குழந்தைக்குப் பின்னிய போர்வையும் பின் சீட்டில் வைத்துக்கொண்டு அவர் கிராதியைத் தாண்டினார். நானும் அம்மாவும் ரோட்டோரம் நின்றோம். கிராதி தடதடவென்று அதிர்ந்தது. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. மழை பெய்யவில்லை.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்குத்தான் போன் வந்தது. "வந்து சேர்ந்துட்டேன். முள்ளு கொஞ்சம் கொஞ்சமா இறங்கிச்சு பாரு, அதைப் பார்த்துக்கிட்டே வந்தேன். அவ்வளவு அழகு" என்றார் நோலா. ராயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மா ராய்க்குக் கொஞ்சம் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் என்னிடம் கொடுத்தனுப்பினாள். அவர் அதே நாற்காலியில் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"போய்ச் சேர்ந்துட்டாளா?"

"சேர்ந்துட்டாங்க."

"எத்தனை நாள்னு சொன்னாளா?"

"நான் கேட்கல."

தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு வந்தேன்.