பொய்த் தந்தியும் அரைஞாண் கயிறும்

மூக்கு மரத்தவனுக்கென்றே ஏற்பட்ட உத்தியோகம், தோல் டாக்டரிடம் கம்பவுண்டர் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் காளவாசலில் அந்த வேலையைப் பார்த்தவன் நான். சொரியாசிஸ்காரர்களே, சொறிவதைச் சற்று நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

தார்க் களிம்பு

சொரியாசிஸுக்குப் பூசும் தார்க் களிம்பை நான் குழைத்தால் வாசனை பசுமலை தாண்டும். பஸ் டிரைவர்கள் காளவாசல் வந்ததையே மூக்கால்தான் தெரிந்துகொண்டார்கள். ஒருநாள் ரோடு போடும் மேஸ்திரி உள்ளே எட்டிப் பார்த்தார்: "எங்க ஆளுகளே இன்னும் வரலயேண்ணே, அதுக்குள்ள யாரு தார் காய்ச்சுறது?"

பொய்த் தந்தி

பாண்டி, நாகமலை புதுக்கோட்டை விவசாயி. கல்யாணம் பேசி முடித்த நேரத்தில் முழங்கை, முழங்கால், இடுப்பு என்று வெள்ளிச் செதில். "உடம்பு தெளிஞ்சாத்தான் முகூர்த்தம்" என்று பெண்ணின் தாய்மாமன் கூடவே வந்துவிட்டார்.

"இது தொத்தாதுங்க" என்றார் டாக்டர். "அடித்தோல்ல பிறக்குற செல் மேல வந்து உதிர ஒரு மாசம் ஆகும். இவருக்கு, உடம்பைக் காக்குற செல்லுகளே, 'காயம் பட்டுருச்சு'ன்னு தோலுக்குப் பொய்த் தந்தி அடிக்குதுக. தோலு பதறிப்போய் சில நாள்லயே செல்லை மேல தள்ளுது. முத்தாத செல்லெல்லாம் செதிலா அடுக்குது."

தாய்மாமன் மீசையைத் தடவினார். "தந்தி அடிச்சவன மட்டும் காட்டுங்க டாக்டரய்யா, ஒரு அரட்டு அரட்டிட்டு வாரேன்."

இடுப்பு வளையம்

என் களிம்புக்கு முழங்கையும் முழங்காலும் தெளிந்தன. இடுப்பைச் சுற்றி மட்டும் வளையம் போகவில்லை. தாய்மாமனும் முகூர்த்தம் குறிக்கவில்லை. டாக்டர் பார்த்தார்: இறுக்கிக் கட்டிய அரைஞாண் கயிறு. அது உரசும் இடத்தில் மறுபடி மறுபடி தந்தி போகிறது. கழற்றச் சொன்னார்.

பாண்டியின் அம்மா மறித்தார். கயிற்றை அறுப்பது பிணத்துக்குத்தானாம். நான் என் கயிற்றை அறுத்து மேசைமேல் போட்டேன். "அடுத்த மாசம் நான் உசுரோட இருந்தா உங்க மகனும் கழட்டட்டும்." அந்த மாதம் முழுக்க ரோட்டைக் கடக்கவே எனக்குப் பயம். அந்த அம்மா வாரந்தவறாமல் வந்து, நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்துப் போனார். மாதம் முடிந்தது, பாண்டியும் கழற்றினான். வளையம் மெல்ல மங்கி மறைந்தது. முகூர்த்தமும் குறித்தார்கள்.

கல்யாணத்தன்று தாய்மாமன் என்னைத் தூண் மறைவுக்கு இழுத்தார். "மாப்ள கயித்துக்குப் பதிலா பெல்ட்ட இம்புட்டு இறுக்கிக் கட்டிருக்காருண்ணே. கழட்டச் சொல்லலாம், தாலி கட்டுற நேரத்துல வேட்டி நிக்கணுமேன்னு பாக்குறேன்."

அந்த நோய் பின்னாளில் அவ்வப்போது தலைகாட்டியது வாஸ்தவம்தான். ஆனால் அன்றைக்குக் கல்யாணம் நடந்ததற்கு டாக்டரின் மருந்து பாதி காரணம், என் வெற்று இடுப்பு மீதிப் பாதி.